பனியைப் படித்த வரலாறு: இந்தியாவில் பனிச்சரிவு முன்னறிவிப்பின் வளர்ச்சி

வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். அங்கே வடிவமைத்த ‘இன்ட்ஆர்க்’ கருவித் தொகுப்பு 2014 ஜூலையில் ஆர்க்டிக் பகுதியின் கோங்ஸ்ஃபியோர்டனில், 192 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டது. ஆள் போய் நிற்க முடியாத குளிர்காலத்திலும் விடாமல் அளப்பதே அதன் வேலை. இமயத்தில் பனிச்சரிவை முன்கூட்டி அறியும் முயற்சியும் இதே தேவையிலிருந்துதான் வளர்ந்தது. சரிந்து முடிந்த பனியைப் பார்த்து அடுத்த சரிவைச் சொல்லிவிட முடியாது. குளிர்காலம் முழுக்கப் பனி எப்படிப் படிந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தமிழருக்குப் பனி என்றால் முன்பனி, பின்பனி. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி. ஊட்டியில் விழுவதும் உறைபனிதான். வானிலிருந்து விழுந்து ஆள் உயரத்துக்குப் படியும் பனி நம் அன்றாட அனுபவத்தில் இல்லை. அதனால் ஒரே ‘பனி’யால் பலவற்றையும் சொல்லிவிடுகிறோம். இந்தச் சொற்குழப்பம் சிறியதல்ல என்பதைக் கீழே காணலாம்.

1962 சீனப் போருக்குப் பின் எல்லையோரச் சாலைகளும் காவல்நிலைகளும் பெருகின. பனிக்காலத்திலும் ஆட்கள் அங்கே தங்க வேண்டியதாயிற்று. 1969இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது; பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் இயங்கியது. 1979 மார்ச்சில் லாகௌல் பகுதியில் சரிவுகள் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. இறந்தவர்கள் அங்கேயே குடியிருந்த மலைமக்கள். படைக்காகப் பிறந்த அறிவியல் ஊராருக்கும் போய்ச்சேர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஐரோப்பிய அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்த முடியவில்லை. 2000இல் சர்மாவும் கஞ்சூவும் எழுதிய ஆய்வு மேற்கு இமயத்தைக் கீழ், நடு, மேல் என மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. என் பார்வையில் இத்துறையின் முக்கியமான திருப்பம் இது. கீழ் மண்டலமான பீர் பஞ்சாலில் மேற்கத்திய இடையூறுகள் எனும் வானிலை அமைப்புகள் ஓரிரு நாளில் பெரும்பனியைக் கொட்டிவிடும், குளிர் கடுமையல்ல, ஆபத்து பெரும்பாலும் பனிப்பொழிவை ஒட்டியே வரும். மேல் மண்டலமான காரகோரத்தில் பனி குறைவு, குளிர் கொடிது. தரையை ஒட்டிய பனி சுழியத்துக்கு அருகில் இருக்க, மேற்பரப்பு அதைவிட மிகவும் குளிர்ந்துவிடும். இந்த வேறுபாட்டால் நீராவி கீழிருந்து மேலேறி, அடிப்பனியைச் சர்க்கரை போல் உதிரும் மணிகளாக மாற்றுகிறது. அதன்மேல் காற்று கொண்டுவந்து சேர்க்கும் பனி பலகைபோல் இறுகுகிறது. முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில், நடந்துபோகும் ஒருவரின் எடை போதும், பலகை முறிந்து சரிய. வானம் தெளிந்து பல நாளான பிறகும் இது நடக்கும்.

பனிச்சரிவுத் தடுப்புக் கட்டுமானங்கள் காஷ்மீருக்குச் செல்லும் ஜவாகர் சுரங்கப்பாதையை ஒட்டிய சரிவுகளில் எழுந்தன. ஆள் இருந்து பார்த்த நிலையங்களோடு தானியங்கி வானிலை நிலையங்களும் சேர்ந்தன. 2020இல் மணாலியில் தொடங்கிய அந்த நிறுவனம் இன்னொரு ஆய்வகத்துடன் இணைந்து, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலை புதைந்தது. 19ஆம் மெட்ராஸ் படைப்பிரிவின் பத்துப் பேர் உள்ளே, நால்வர் தமிழ்நாட்டவர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பா கொப்பட், பிப்ரவரி 11இல் இறந்தார். அன்று இடிந்து விழுந்தது பனிக்கட்டிச் சுவர். படிந்த பனியின் பலகை அல்ல. இரண்டையும் ‘பனிச்சரிவு’ என்றே எழுதினோம். காரணம் வேறு, முன்னறியும் வழியும் வேறு.

2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு, 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா டண்டா-2 சிகரத்துக்கு அருகே சரிவில் சிக்கியது. 29 பேரை இழந்தோம். குளிர்காலம் தொடங்கவே இல்லை. பொதுவாகச் சரிவில் புதைந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கால்மணி நேரத்துக்குள் எடுத்தால் பிழைக்கிறார்கள். 35 நிமிடத்தில் மூன்றில் ஒருவரே மிஞ்சுகிறார் என்று 1994இல் சுவிட்சர்லாந்துத் தரவுகள் காட்டின. மீட்புக்குழு வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது. கூட வந்தவர்களிடம் புதைந்தவரைக் கண்டறியும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைபரப்பியும் குத்துகோலும் மண்வாரியும் இருக்க வேண்டும்.

இன்று பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர் பக்கத்துக் கணினி நிறுவன இளைஞர்களும் டிசம்பர் விடுமுறையில் இமயத்தின் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகிறார்கள்; அவர்களுக்கும் முன்னறிவிப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். பனிச்சரிவு அபாயத்தை ஐந்து நிலைகளில் சொல்லும் அளவுகோலை ஐரோப்பா 1993இல் ஏற்றது. இந்திய அறிக்கைகளும் ஐந்து நிலைகளையே பயன்படுத்துகின்றன. ஐந்தில் மூன்று என்றதும் பாதி ஆபத்து என்று மனம் கணக்குப் போடும். ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு வீரர்களின் சாவுகளில் பெரும்பங்கு நிகழ்வதோ மூன்றாம் நிலை நாட்களில்தான். ‘மிதமானது’ என்ற சொல் இரண்டாம் நிலைக்கு உரியது. மூன்றாம் நிலையைத் தமிழில் எழுதும்போது, ஒற்றை ஆளின் எடையே சரிவைத் தூண்டக்கூடும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.