சண்டை போட்டுப் பிரிஞ்ச ராக் பேண்டுகள், வயசான பிறகு ஏன் மறுபடி மேடை ஏறுகின்றன?

2025 ஜூலை 4, வெள்ளிக்கிழமை. வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் உள்ள பிரின்ஸிபாலிட்டி ஸ்டேடியம். கிட்டத்தட்ட 16 வருஷமாக ஒரே மேடையில் நிற்காத அண்ணன், தம்பி இருவர் கையைக் கோத்து உயர்த்தியபடி நடந்து வந்தார்கள். நோயல் கேலகருக்கு வயது 58, லியாம் கேலகருக்கு 52. பேண்டின் பெயர் 'ஓயசிஸ்'.

மறுநாள் சனிக்கிழமை, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வில்லா பார்க் மைதானம். ஹெவி மெட்டலைத் தொடங்கி வைத்தவர்கள் என்று கொண்டாடப்படும் 'பிளாக் சப்பாத்' பேண்டின் முதல் நான்கு பேரும் 20 வருஷத்துக்குப் பிறகு சேர்ந்து வாசித்தார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்னுக்கு 76 வயது. பார்கின்சன் நோயால் நிற்க முடியவில்லை. கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்தபடியே பாடினார். அடுத்த 17-வது நாள், ஜூலை 22-ல் இறந்துபோனார்.

அந்த வாரம் உங்கள் ரீல்ஸில் இந்த இரண்டு வீடியோக்களும் வந்திருக்கும். 'நம்ம அப்பா வயசு ஆளுங்களைப் பார்க்க இவ்ளோ கூட்டமா?' என்றுகூட யோசித்திருப்பீர்கள். காசுக்காகத்தான் சேர்கிறார்களா? அந்த வயதில் பாட முடியுமா? டிக்கெட் ஏன் அந்த விலை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'செத்தாலும் சேர மாட்டோம்!'

பேண்டு என்பது கிட்டத்தட்ட ஒரு குடும்பம். 20 வயதில் ஒரே வேனில் ஊர் ஊராகச் சுற்றுவார்கள். புகழும் பணமும் வந்த பிறகு, 'இந்தப் பாட்டு யாருடையது?', 'யாருக்கு எவ்வளவு பங்கு?' என்று ஆரம்பிக்கும். போதை, குடி, ஈகோ எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஓயசிஸ் உடைந்தது 2009 ஆகஸ்ட் 28-ல், பாரிஸில் ஒரு இசைவிழாவின் மேடைக்குப் பின்னால். மேடையேற வேண்டிய நேரத்தில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. நிகழ்ச்சி ரத்து, பேண்டும் காலி.

பிரிந்தவர்கள் பேசும் வசனங்கள் அதைவிட சுவாரஸ்யம். அமெரிக்காவின் 'ஈகிள்ஸ்' பேண்டு 1980-ல் உடைந்தபோது, 'நரகம் உறைஞ்சாத்தான் மறுபடி சேருவோம்' என்ற ரீதியில் பேசினார் டான் ஹென்லி. 1994-ல் மறுபடி சேர்ந்தார்கள். 'நரகம் உறைந்துவிட்டது' என்ற பொருளிலேயே ஆல்பத்துக்கும் டூருக்கும் பெயர் வைத்தார்கள். 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' பாடகர் ஆக்சல் ரோஸ், கிட்டாரிஸ்ட் ஸ்லாஷோடு மறுபடி சேர்வது 'இந்த ஜென்மத்தில் இல்லை' என்றார். 2016-ல் ஸ்லாஷோடு கிளம்பிய டூரின் பெயரும் அதேதான்!

எல்லோருக்கும் மேல் 'மோட்லி க்ரூ'. இனி டூர் போவதில்லை என்று 2014-ல் சட்டபூர்வமாக ஒப்பந்தமே போட்டுக் கையெழுத்திட்டார்கள். 2019-ல் அந்த ஒப்பந்தத்தை வெடி வைத்துத் தகர்ப்பதுபோல வீடியோ வெளியிட்டு, மறுபடி கிளம்பிவிட்டார்கள். ஆகவே, 'ஃபேர்வெல் டூர்' என்ற போஸ்டரைப் பார்த்துப் பதறாதீர்கள் ப்ரோ!

காசு எங்கே இருக்கிறது?

1990-கள் வரை கணக்கு எளிது. ஆல்பம் விற்றால் பணம். அந்த ஆல்பத்துக்கான விளம்பரம்தான் டூர். 1999-ல் 'நாப்ஸ்டர்' வந்து, பாட்டை இலவசமாகப் பகிரும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது. பின்னாலேயே ஸ்ட்ரீமிங் வந்தது. ஒரு பாட்டை நீங்கள் ஒருமுறை கேட்டால் ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பது ஒரு சென்ட்டுக்கும் குறைவு. அதையும் கம்பெனி, பாட்டு எழுதியவர், பேண்டு எனப் பங்கு போட வேண்டும்.

இதனால் கணக்கு தலைகீழானது. இப்போது பாட்டுதான் விளம்பரம், சம்பாத்தியம் டூரில். கன்ஸ் அண்ட் ரோசஸின் அந்த ஒரு ரீயூனியன் டூர் மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

ஸ்ட்ரீமிங் இன்னொரு வேலையும் செய்தது. ஆப்பில் 1995-ல் வந்த பாட்டும் நேற்று வந்த பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பாட்டுக்கு வயசு தெரிவதில்லை. ஓயசிஸ் பிரிந்தபோது எல்.கே.ஜி-யில் இருந்தவர்கள்கூட 2024-ல் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றார்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து வரும் கூட்டம் என்றால், டிக்கெட்டும் ரெண்டு மடங்குதானே!

எல்லாமே காசு என்று முடித்துவிடவும் முடியாது. 2007 டிசம்பர் 10-ல் லண்டனில் ஒரே ஒரு இரவு மட்டும் சேர்ந்தது 'லெட் செப்லின்'. இறந்துபோன டிரம்மர் ஜான் போனமின் இடத்தில் அவர் மகன் ஜேசன் உட்கார்ந்தார். டிக்கெட் கேட்டு வந்த விண்ணப்பங்கள் சுமார் 2 கோடி. நினைத்திருந்தால் உலகம் முழுக்கச் சுற்றியிருக்கலாம். போகவில்லை. பிளாக் சப்பாத்தின் கடைசி நிகழ்ச்சியும் பார்கின்சன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் நிதி திரட்டுவதற்காகவே நடந்தது. ஆஸிக்கு வேண்டியிருந்தது, பிறந்து வளர்ந்த ஊரில், பழைய கூட்டாளிகளோடு ஒரு மாலை.

மேடையில் வயசு என்ன செய்யும்?

குரல்நாண்களும் தசைதான். வயதாக ஆக அவை மெலிந்து, இறுகும். 25 வயதில் எட்டிய உச்ச ஸ்தாயி 65-ல் எட்டாது. இதற்குப் பேண்டுகள் செய்யும் முதல் வைத்தியம், கிட்டாரின் ட்யூனிங்கை அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ இறக்கிவிடுவது. பாட்டு அதேதான், ஸ்ருதி கொஞ்சம் கீழே. உச்சத்தில் பாட வேண்டிய வரி வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவது இரண்டாவது வைத்தியம். நாம் கத்திப் பாடும்போது அவர் மூச்சு வாங்கிக்கொள்வார்.

ட்யூனிங்கை இறக்குவதில் அவமானம் எதுவும் இல்லை. பிளாக் சப்பாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி 17 வயதில் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். இடதுகைப் பழக்கக்காரரான அவருக்கு, தந்திகளை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு மூடி செய்துகொண்டார். தந்தியை அழுத்த வலிக்கக் கூடாது என்று ட்யூனிங்கைத் தளர்த்தினார். அந்தக் கனத்த ஒலியைத்தான் இன்று ஹெவி மெட்டல் என்று கேட்கிறோம்.

ஆனால், எல்லாவற்றையும் சமாளித்துவிட முடியாது. 'ஏரோஸ்மித்' பேண்டின் ஸ்டீவன் டைலருக்கு 2023 செப்டம்பரில், விடைபெறும் டூர் தொடங்கிய சில நாள்களிலேயே தொண்டையில் காயம். குணமாக ஒரு வருஷம் பார்த்தார்கள். 2024 ஆகஸ்ட்டில், இனி டூர் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

'ஜெனிசிஸ்' பேண்டின் ஃபில் காலின்ஸ் ஒரு காலத்தில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடியவர். நரம்புப் பிரச்னையால் பிறகு குச்சியைப் பிடிக்கவே முடியாமல் போனது. 2022 மார்ச்சில் லண்டனில் நடந்த கடைசி நிகழ்ச்சியில், 71 வயதான அவர் நாற்காலியில் அமர்ந்து பாட, பின்னால் டிரம்ஸில் இருந்தது அவருடைய 20 வயது மகன் நிக்.

அடுத்தது காது. 2016-ல் 'ஏசி/டிசி' டூரின் நடுவே பாடகர் பிரையன் ஜான்சனிடம், 'தொடர்ந்தால் மொத்தமாகக் கேட்காமல் போய்விடும்' என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். அவர் இடத்தில் பாடி டூரை முடித்துக் கொடுத்தவர் ஆக்சல் ரோஸ். காதுக்கான புதிய கருவிகளின் உதவியோடு ஜான்சன் 2023-ல் மேடைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு 76 வயது.

விதிவிலக்கு என்றால் மிக் ஜாகர். 2019 ஏப்ரலில் இதய வால்வு சிகிச்சை. ஜூனில் சிகாகோ மேடையில் ஆடிக்கொண்டிருந்தார். 2024-ல் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' அமெரிக்க டூரின் ஸ்பான்சர், 50 வயதைத் தாண்டியவர்களுக்கான ஓர் அமைப்பு! அந்த டூர் முடிந்த சில நாள்களிலேயே ஜாகருக்கு 81 வயது முடிந்தது.

யார் இருந்தால் அது அதே பேண்டு?

ரசிகர்கள் ராத்திரி முழுக்க அடித்துக்கொள்ளும் கேள்வி இது. 'லிங்கின் பார்க்' நினைவிருக்கிறதா? 2017-ல் செஸ்டர் பென்னிங்டன் இறந்த பிறகு, 'இனி அவ்வளவுதான்' என்று நினைத்தோம். 2024 செப்டம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பாடகியோடு திரும்பி வந்தார்கள். பழைய ரசிகர்களில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் கோபப்பட்டார்கள். 'ஜர்னி' பேண்டு 2007-ல் தன் புதுப் பாடகரைக் கண்டுபிடித்தது யூடியூபில். மணிலாவில் கவர் பாடல்கள் பாடிக்கொண்டிருந்த ஆர்னெல் பினேடாதான் அவர்.

'அப்பா' பேண்டு வேறு வழியில் போனது. ரீயூனியனுக்காக 100 கோடி டாலர் தருவதாகச் சொன்னபோதும் மறுத்தவர்கள் அந்த நால்வரும். பிறகு சென்சார் உடை மாட்டிக்கொண்டு ஐந்து வாரம் கேமராக்கள் முன்னால் பாடி ஆடினார்கள். அதை வைத்து அவர்களின் இளமைக்கால உருவங்கள் டிஜிட்டலில் தயாராயின. 2022 மே மாதத்திலிருந்து லண்டனில் இதற்கென்றே கட்டிய அரங்கில் அந்த உருவங்கள் பாடுகின்றன. பக்கத்தில் வாசிப்பது நிஜமான பேண்டு. நால்வரும் வீட்டில் ஓய்வில்!

டிக்கெட்... அதுதான் தலைவலி

2024 ஆகஸ்ட் 31-ல் ஓயசிஸ் டிக்கெட் விற்பனை. ஆன்லைன் க்யூவில் மணிக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அதிர்ச்சி. சுமார் 150 பவுண்ட் என்று நினைத்துப்போன நின்று பார்க்கும் டிக்கெட், அவர்கள் முறை வந்தபோது 355 பவுண்ட். பிரிட்டனின் போட்டி ஆணையம் விசாரித்தது. ஒரே வகை டிக்கெட்டுக்கு இரண்டு விலை இருப்பதும், குறைந்த விலை டிக்கெட் முதலில் தீர்ந்துவிடும் என்பதும் க்யூவில் நின்றவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்றது. 'பிளாட்டினம்' என்ற பெயரில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு விலைக்கு விற்ற டிக்கெட்களில் கூடுதல் வசதி எதுவும் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. இப்படிப் படிநிலை விலை இருந்தால் 24 மணி நேரம் முன்பே சொல்வதாக 2025 செப்டம்பரில் டிக்கெட்மாஸ்டர் ஒப்புக்கொண்டது.

நமக்கும் இது புதிதல்ல. 2025 ஜனவரியில் மும்பையில் நடந்த 'கோல்ட்ப்ளே' நிகழ்ச்சிக்கு க்யூவில் லட்சக்கணக்கானவர்களுக்குப் பின்னால் நின்ற ஸ்கிரீன்ஷாட், உங்கள் போன் கேலரியில் இன்னும் இருக்கலாம்.

இனி யார் ரீயூனியன் ஆவார்கள்?

விஷயத்தின் முக்கியமான இடம் இது. 1993 மே மாதம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், 300 பேர் மட்டுமே நிற்கக்கூடிய 'கிங் டட்ஸ்' என்ற சின்ன இடத்தில் வாசித்தது ஒரு புதுப் பேண்டு. தற்செயலாக அங்கே இருந்த ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஆலன் மெக்கீ அன்றைக்கே ஒப்பந்தம் பேசினார். அந்தப் பேண்டு ஓயசிஸ். 1996-ல் நெப்வொர்த்தில் இரண்டே நாளில் இரண்டரை லட்சம் பேர் பார்த்த கச்சேரியின் விதை அந்த 300 பேர் அறை.

அப்படிப்பட்ட இடங்கள்தான் இப்போது மூடப்படுகின்றன. 2023-ல் மட்டும் பிரிட்டனில் 125 சிறு இசை அரங்குகள் மூடப்பட்டன அல்லது நேரடி இசையை நிறுத்தின. வாரத்துக்கு இரண்டுக்கு மேல்! வாடகை, கரன்ட் பில், வரி எல்லாம் ஏறிவிட்டன. பக்கத்தில் புது அபார்ட்மென்ட் கட்டிக் குடிவந்தவர்கள், 'சத்தம் தாங்கலை' என்று புகார் கொடுக்கிறார்கள். ஒரு ஸ்டேடியம் டிக்கெட்டுக்கு மொத்த சேமிப்பையும் செலவு செய்த ரசிகர், அடுத்த ஆறு மாசம் சின்ன நிகழ்ச்சிக்கு எங்கே போவார்?

பெரிய நிகழ்ச்சிகளின் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு பவுண்ட் எடுத்துச் சிறு அரங்குகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு அங்கே ஆதரவு பெருகிவருகிறது. கோல்ட்ப்ளே தன் 2025 பிரிட்டன் நிகழ்ச்சிகளின் வருமானத்தில் 10 சதவிகிதத்தை இதற்கென ஒதுக்கியது. இன்று 300 பேர் முன்னால் வாசிக்க இடமில்லாத பேண்டு, 2050-ல் ரீயூனியன் ஆக முடியாது. பிரிவதற்கே முதலில் ஒரு பேண்டு இருக்க வேண்டுமே!

டிக்கெட் போடும் முன்...

* லைன்-அப்பைப் பாருங்கள். கன்ஸ் அண்ட் ரோசஸ் 2012-ல் இந்தியா வந்தபோது ஸ்லாஷ் இல்லை. 2025 மே மாதம் மும்பைக்கு ஸ்லாஷோடு வந்தார்கள். பெயர் ஒன்றுதான், பேண்டு வேறு.

* போன மாதம் ரசிகர்கள் போனில் எடுத்த வீடியோக்களைப் பாருங்கள். 1991 வீடியோவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

* க்யூவில் நிற்கும் முன்பே, 'இதுக்கு மேல ஒரு ரூபாய்கூட இல்லை' என்று ஒரு தொகையை முடிவு செய்துவிடுங்கள். டைமர் ஓடும்போது மூளை வேலை செய்யாது. பிளாக்கில் வாங்கவே வாங்காதீர்கள்.

* இயர்பிளக் கட்டாயம். இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்காதின் நுண்ணிய செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைக்காது. பிரையன் ஜான்சன் நினைவிருக்கட்டும்.

* சீக்கிரம் போங்கள். முதலில் வாசிக்கும் பெயர் தெரியாத பேண்டையும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊர் கஃபேயில், காலேஜ் ஆடிட்டோரியத்தில், 30 பேர் முன்னால் தப்பும் தவறுமாக யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். இந்த சனிக்கிழமை போய்ப் பாருங்கள். பிடித்தால் நூறு ரூபாய் டிக்கெட் வாங்குங்கள், நண்பர்களையும் கூட்டிப் போங்கள். 30 வருஷம் கழித்து அவர்கள் மறுபடி சேரும்போது, 'நான் அப்பவே பார்த்தேன்' என்று உங்கள் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்ளலாம்.