கிந்தா மலையடிவாரத்தின் மண்ணும் வரலாறும்

பேராக் மாநில வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் ஈயச் சுரங்கங்களிலிருந்தே தொடங்குவர். ஆயின், அவ்வீயம் கிந்தாப் பள்ளத்தாக்கில் அத்துணை மிகுதியாகக் குவிந்தது ஏன்? அதற்கு விடை அரசாங்க ஏடுகளில் இல்லை. மலையடிவாரத்தின் கல்லிலும் மண்ணிலும் உள்ளது.

பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைத்தொடரும் நிற்கின்றன. இரண்டும் கருங்கல் மலைகள். இடைப்பட்ட அடிவாரமோ பெரிதும் சுண்ணாம்புக்கல். பண்டைக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் படிந்து இறுகியது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்திலிருந்து எழுந்த பாறைக்குழம்பு இப்படுகையை ஊடுருவிக் குளிர்ந்து கருங்கல்லாயிற்று. அதனின்று பிரிந்த வெந்நீர், பாறை வெடிப்புகளில் ஈயத்தாதுவை விட்டுச் சென்றது.

பின்னர் மழையும் வெயிலும் மலையைச் சிதைத்தன. ஓடைகள் அச்சிதைவை அடிவாரத்திற்குக் கொணர்ந்தன. ஈயத்தாது சாதாரண மணலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. எனவே, நீரின் வேகம் தணிந்த இடத்தில் அது தங்க, மணல் அப்பால் சென்றது. மழைநீர் கரைத்ததால் குழியும் கூருமாய் நின்ற சுண்ணாம்புப் பாறை, அத்தாதுவை வலைபோல் பிடித்துக்கொண்டது.

மலாய் மக்கள் முற்காலத்திலேயே அதனை அரித்தெடுத்தனர். 1880-ஆம் ஆண்டுகளில் சீனத் தொழிலாளர் பெருந்திரளாக வந்தனர். ஈப்போ நகராக வளர்ந்தது. துலாங் தட்டில் மண்ணை அலசிய பெண்கள் பயன்படுத்தியதும் தாதுவின் கனத்தையே. 20-ஆம் நூற்றாண்டில் வந்த ஈயக் கப்பல்களும் அதே இயல்பை நம்பியே இயங்கின. 1985 அக்டோபரில் ஈயவிலை வீழ்ந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சியவை குட்டைகளும் மணற்காடுகளும்.

செல்வத்தைச் சேர்த்து வைத்த அதே கரைப்பு, ஆபத்தையும் சேர்த்து வைத்தது. சுண்ணாம்புக் குன்றுகளின் அடியை நீர் அரிக்கிறது. மேலே செங்குத்தான பாறை பிடிப்பின்றித் தொங்குகிறது. கல்லுமலை முருகன் கோயிலால் தமிழர் நன்கறிந்த குனோங் சீரோ குன்றில், 1973 அக்டோபரில் பெரும்பாறை பெயர்ந்து கீழிருந்த வரிசை வீடுகளின்மேல் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். மலையடியில் குடியிருப்பு அமைப்போர் மறக்கலாகாத பாடம் இது.

2018-ஆம் ஆண்டில் கிந்தாப் பள்ளத்தாக்கு தேசியப் புவிப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, ஈயத்தின் கதையைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரை முதலில் ஒரு குன்றின் அடிவாரத்திற்கு அழைத்துச் செல்லுதல் நன்று. ஒரு கையில் கருங்கல்லையும் மறு கையில் சுண்ணாம்புக்கல்லையும் ஏந்திய மாணவன், மனிதர் இங்கு வந்த காரணத்தையும் அறிவான். எங்கே வீடு கட்டலாகாது என்பதையும் அறிவான்.