வடசென்னையில் கிறித்தவ மிஷன்களின் சமூக உரிமைப் பணி

கல்வி, பெண்கள் மருத்துவம், நில உரிமை ஆகிய மூன்று துறைகளில் சென்னையின் வடபகுதியிலும் அதைச் சூழ்ந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் கிறித்தவ சபைகள் 19ஆம் நூற்றாண்டு முதல் பணியாற்றின. இராயபுரம் நகர எல்லைக்குள் இருந்தது; திருவொற்றியூரும் எண்ணூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். இப்பணியில் ஸ்காட்லாந்து மிஷனின் பங்கே பெரிது.

மிஷன் பணிக்கு முன்பே இராயபுரத்தில் கிறித்தவர்கள் வலுவாக இருந்தனர். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகு ஓட்டிய கத்தோலிக்கப் படகுக்காரர்கள், சம்பாத்தியத்தில் ஒதுக்கிய பொதுப்பணத்தில் 1829இல் புனித இராயப்பர் ஆலயத்தைக் கட்டினர். கட்டியவர்கள் அவர்களே என்பதால் ஆலய நிர்வாகத்தில் அவர்கள் உரிமை கோரியது இயல்பே.

சாதி பற்றிய முதல் மோதல் பள்ளியில் எழுந்தது. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837இல் ஆர்மீனியன் தெருவில் பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவர்கள் அங்கே படிப்பது தெரியவந்தது. அவர்களை நீக்கவேண்டுமென்று மேல்சாதிப் பெற்றோர் வற்புறுத்தியபோது ஆண்டர்சன் மறுத்தார். மாணவர் பலர் விலகினர். பள்ளி மூடப்படவில்லை, பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. சபைக்குள் சாதி கூடாது என்று 1850இல் சென்னை மிஷனரிகள் மாநாடு தீர்மானித்தபோது லுத்தரன் மிஷன் மட்டும் சேரவில்லை. தீர்மானம் இயற்றிய சபைகளிலும் சாதி எளிதில் ஒழியவில்லை.

ஸ்காட்லாந்து ஃபிரீ சர்ச் அனுப்பிய டாக்டர் மட்டில்டா மக்ஃபைல் 1888இல் இராயபுரத்தில் பெண்களுக்கான மருந்தகம் தொடங்கினார். ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்குப் பெண் மருத்துவரே வழி. சென்னையில் 1885இல் தோன்றிய மருத்துவமனை ‘சாதி, கோஷாப் (திரைமறைவில் வாழும்) பெண்களுக்கு’ என்றே பெயர் பூண்டிருந்தது. இராயபுரத்து மருத்துவமனைக்கோ சபையின் பெண்கள் மிஷன் பொறுப்பில் இருந்த கிறிஸ்டினா ரெய்னியின் பெயர் வைக்கப்பட்டது. 1914இல் அது புதிய கட்டடம் பெற்றது.

நில உரிமைப் போராட்டமே இவ்வரலாற்றின் முக்கியப் பகுதி. செங்கல்பட்டில் இருந்த மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும் அதே ஃபிரீ சர்ச்சைச் சேர்ந்தவர். திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி இருந்தார். பண்ணையாட்களான பறையர்கள் குடியிருந்த மனைகூட ஊரின் பரம்பரை நில உரிமையாளரான மிராசுதாருக்கே சொந்தம் என்பதையும், எதிர்த்துப் பேசினால் குடிசையிலிருந்தே வெளியேற்ற முடியும் என்பதையும் இருவரும் ஊர் ஊராகக் கண்டனர். தரிசு நிலத்துக்குப் பட்டா கேட்டாலும் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. மிஷனரிகள் 1891இல் அரசிடம் முறையிட்டனர். மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கை அதே நிலையை உறுதிசெய்தது. வருவாய் வாரியம் தயங்கியது. மிராசுதாரைப் பகைத்துக்கொள்ள அரசுக்கு விருப்பமில்லை. எனினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அரசாணை 1010 பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டு, பிற சாதியார் வாங்கக் கூடாதென்ற நிபந்தனை பெற்ற பஞ்சமி நிலங்களின் தொடக்கம் இதுவே. ஆண்ட்ரூ தம் பங்குக்குச் செங்கல்பட்டு அருகே மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தை அமைத்தார். மதமாற்றமும் மிஷனரிகளின் நோக்கங்களில் ஒன்று. அதனால் நில மனுவின் உண்மை குறையவில்லை. அதே காலத்தில் இரட்டைமலை சீனிவாசனும் அயோத்திதாசரும் கிறித்தவ சபைகளைச் சாராமலே இயக்கம் நடத்தினர். எல்லாப் பெருமையும் மிஷனரிகளுடையதல்ல.

பஞ்சமி நிலங்கள் பல பின்னர் பிறர் கைக்குப் போயின. அவற்றை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் இறந்தனர். மாமல்லபுரம் அருகிலுள்ள காரணை நிலப் பிரச்சினையே போராட்டத்தின் மையம்.

ரெய்னி மருத்துவமனை இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கீழ் இயங்குகிறது.  மதம் மாறியவர்களின் உரிமைக் கேள்வியோ தொடர்கிறது: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் அளித்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான ஆதிதிராவிடர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர்.