தூரமும் நேரமும்: காரோட்டப் போட்டியின் முடிவும் தொலைக்காட்சியும்

ஓட்டப் போட்டியொன்றின் முடிவை இரு வழிகளில் வரையறுக்கலாம். குறித்த தூரத்தை முதலிற் கடப்பவர் வெற்றியாளராவது ஒன்று; குறித்த நேரத்துள் கூடிய தூரம் ஓடியவர் வெற்றியாளராவது மற்றையது. 1923இல் பிரான்சின் லு மான் நகரில் தொடங்கிய 24 மணிநேர ஓட்டம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. போர்மியூலா 1 போட்டிகளோ அடிப்படையில் முதல் வகையின. அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் ஓட்டங்களும் சுற்றுக்களை எண்ணியே முடிவு கண்டவை.

இவ்விரு அளவைகளும் ஊவாத் தோட்டங்களுக்குப் புதியனவல்ல. நாட்சம்பளம் நேரத்தைச் சார்ந்தது. கொழுந்தின் நிறை வேலையின் அளவைச் சார்ந்தது. நாள் முழுவதும் மலையில் நின்றும் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போடப்படுவதைத் தொழிலாளர் அறிவர். ஓர் அளவையின்மேல் மற்றோர் அளவை ஏற்றப்படும்போது இழப்பு யாரைச் சாரும் என்பதே அங்கு எழும் வினா. காரோட்டத்தின் அண்மைக்கால வரலாற்றிலும் இதே வினா எழுந்துள்ளது.

நேர எல்லையைத் தொலைக்காட்சியே தோற்றுவித்தது என்று கூறுவது பொருந்தாது. 1957 வரை 500 கிலோமீற்றர் அல்லது மூன்று மணிநேரம் என இருந்த போர்மியூலா 1 ஓட்ட அளவு, 1958இல் 300 கிலோமீற்றர் அல்லது இரண்டு மணிநேரம் எனக் குறைக்கப்பட்டது. நேரடி ஒளிபரப்பு உலகெங்கும் பரவாத காலம் அது. ஒளிபரப்பின் செல்வாக்கு 1981இல் ஏற்பட்ட கொன்கோர்ட் ஒப்பந்தத்தின் பின்னரே வலுப்பெற்றது. எல்லா அணிகளும் ஒவ்வொரு போட்டியிலும் பங்குபற்ற வேண்டுமென அவ்வொப்பந்தம் விதித்தமையால், போட்டி தொலைக்காட்சி நிலையங்கள் நம்பி வாங்கத்தக்க பண்டமாயிற்று. பண்டத்துக்கு அளவு வேண்டும். இரண்டு மணிநேர எல்லை நிகழ்ச்சி நிரலுக்கும் இசைவாக அமைந்தது.

2011இல் கனடாவில் மழையால் இடைநிறுத்தப்பட்ட ஓட்டம் 4 மணி 4 நிமிடம் நீடித்தது. அடுத்த ஆண்டே, இடைநிறுத்தம் உட்பட நான்கு மணிநேரத்துள் போட்டி முடிய வேண்டும் என விதி வகுக்கப்பட்டது. 2021இல் அது மூன்று மணிநேரமாயிற்று. 2017இல் சிங்கப்பூரில் 61 சுற்றுக்களுக்குத் திட்டமிட்ட ஓட்டம், இரண்டு மணிநேரம் கடந்தமையால் 58ஆம் சுற்றில் முடிவுற்றது. விதி முன்னரே அறிவிக்கப்பட்டு யாவர்க்கும் ஒன்றாக இருந்தமையால், இம்முடிவை நீதியற்றதெனக் கூற இயலாது.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. மலேசியாவின் செப்பாங் ஓட்டம் 2008இல் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கியது. 2009 ஏப்ரல் 5ஆந் திகதி அது மாலை 5 மணிக்குத் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய இரசிகர் காலையில் நேரத்தோடு எழ வேண்டியதில்லை என்பதே மாற்றத்தின் நோக்கம். அப்போது இலண்டனில் காலை 10 மணி, இலங்கையில் பிற்பகல் 2.30. ஏப்ரல் மாதத்துப் பின்னேர இடிமழையின் இயல்பை அப்புத்தளையிற் கொழுந்து பறிப்போரும் அறிவர். செப்பாங்கிலும் மழை கொட்டியது. 56 சுற்று ஓட்டம் நிறுத்தப்பட்டது. மழை விடும்வரை காத்திருக்கலாமெனின், அதற்குள் இருள் சூழ்ந்துவிடும். 31ஆம் சுற்றின் நிலையே முடிவாகக் கொள்ளப்பட்டது. உரிய தூரத்தின் முக்காற்பங்கு நிறைவுறாமையால் புள்ளிகள் பாதியாகின. வென்ற ஜென்சன் பட்டனுக்குப் பத்துக்குப் பதிலாக ஐந்து புள்ளிகளே கிடைத்தன. தோட்டத்து மொழியிற் கூறின், அவருக்கும் அரைப்பேரே விழுந்தது. அடுத்த ஆண்டு தொடக்கம் 4 மணிக்கு முன்னகர்த்தப்பட்டது.

அன்று குறைந்தது புள்ளி மட்டுமே. 2014 ஒக்டோபர் 5ஆந் திகதி யப்பானின் சுசுக்காவில், சூறாவளி அணுகிய வேளையில், பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கிய ஓட்டத்தில், மங்கிய வெளிச்சத்திலும் மழையிலும் ஜூல்ஸ் பியாங்கியின் கார் மீட்பு வாகனமொன்றில் மோதியது. அவர் 2015 ஜூலை 17ஆந் திகதி காலமானார். விபத்தை ஆராய்ந்த குழு, ஈரமான தடத்தில் அவர் வேகத்தைப் போதியளவு குறைக்காமை உட்படப் பல காரணங்களைக் கண்டது. இரவுப் போட்டிகள் தவிர்ந்த ஏனைய ஓட்டங்கள் பொழுதுசாய்வதற்கு நான்கு மணிநேரத்துக்கு முன்னராவது தொடங்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

இப்பரிந்துரை வரலாற்று நோக்கிற் கருத்தூன்றத்தக்கது. அது முடிவுக் கோட்டைப் பற்றிப் பேசாது தொடக்க நேரத்தைப் பற்றிப் பேசுகின்றது. இத்தகைய ஓட்டங்களின் முடிவு கட்டமிட்ட கொடி அசையும்போது மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் நிகழ்ச்சி நிரல் வகுக்கப்படும்போதே பெரிதும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. பார்ப்போரின் வசதிக்கும் ஓடுவோரின் பாதுகாப்புக்கும் இடையே விடப்படும் வெளிச்சமுள்ள சில மணிநேரமே அங்கு உயிர்காக்கும் எல்லை.

2024 ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவையில் கார் ஒன்று தடத்தைவிட்டு விலகிப் பார்வையாளர்மீது மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். அதற்கும் தொலைக்காட்சி நேரத்துக்கும் தொடர்பில்லை. எனினும், போட்டியின் அளவைகள் யாவற்றுக்கும் மேலானது மனித உயிரின் அளவை என்பதை ஊவா மண்ணும் துயரத்தோடு அறிந்துகொண்டது. தூரத்தைக் குறைக்கலாம், நேரத்தை நீட்டலாம், புள்ளியைப் பாதியாக்கலாம். உயிருக்கு அரைப்பேர் இல்லை.