வெற்றிலைச் செல்லமும் பாட்டியின் சீர்ப் பட்டியலும்



இன்றைக்குப் பாடம் செல்லம். வீட்டுச் செல்லம் இல்லை, வெற்றிலைச் செல்லம். உங்களில் இளையவர்கள் இதைப் பழைய சினிமாவில்தான் பார்த்திருப்பீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செல்லம் என்பது மூடி போட்ட பெட்டி. சாதாரண வீட்டில் பித்தளை, வசதியான வீட்டில் வெள்ளி. திறந்தால் மேலே அறை அறையாக ஒரு தட்டு. கொட்டைப்பாக்கு, சீவல், ஏலம், கிராம்பு, சில வீடுகளில் புகையிலை. தட்டைத் தூக்கினால் அடியில் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை. நம் பக்கத்துக்கு லாலாப்பேட்டை, குளித்தலைக் கொடிக்கால்கள் அருகிலேயே இருந்ததால் இளம் வெற்றிலைக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்புக்குத் தனி டப்பி, அதன் பெயர் கரண்டகம். மாங்காய் வடிவில் இருக்கும், அல்லது சட்டைப்பைக் கடிகாரம் மாதிரி வட்டமாக, சங்கிலியில் ஒரு குட்டிக் கரண்டியோடு. மூடி இறுக்கமாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு காய்ந்துவிடும். தட்டாரின் கைத்திறமையை அந்த மூடியில்தான் பார்க்கலாம். பல் போனவர்களுக்குக் கையடக்கமாக ஓர் உரல். துப்புவதற்குப் படிக்கம்.

இந்தப் படிக்கம் என்ற சொல்லைக் கேட்டால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். பெருமாள் திருவாராதனத்தில் சமர்ப்பித்த தீர்த்தத்தைச் சேர்க்கிற பாத்திரத்துக்கும் அதுதான் பெயர். அரசனுக்குச் செய்த உபசாரங்களையெல்லாம் கோயிலில் பெருமாளுக்கும் செய்தார்கள். தாம்பூலமும் அதில் ஒன்று.

அரண்மனையில் வெற்றிலைப் பை ஏந்துவது சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு அடைப்பம் என்று பெயர். அரசன் வாயில் போடுகிற பொருளை ஒருவன் கையில் கொடுத்து வைப்பதென்றால் அவனை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்! தஞ்சை நாயக்கர் வம்சத்தைத் தொடங்கிய செவ்வப்ப நாயக்கர், விஜயநகரத்து அச்சுதராயருக்கு அடைப்பம் ஏந்தியவர் என்று சொல்வதுண்டு. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அரசரிடம் தாம்பூலமும் கற்பூரமும் பெற்றதை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. திருச்சியிலிருந்து ஆண்ட ராணி மங்கம்மாள் (1689–1706) ஒருநாள் நினைவில்லாமல் இடக்கையால் தாம்பூலத்தை எடுத்து வாயில் போட்டுவிட்டாராம். அந்தத் தோஷம் தீரத்தான் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தாராம். நான் இதை நம்பவில்லை. சாலை போட ஒரு ராணிக்கு வணிகமும் படையும் யாத்திரைக்காரர்களும் போதுமான காரணம். ஆனால் வெற்றிலை போடுவதில் ஒரு கைப்பிழைக்கு அவ்வளவு பெரிய பரிகாரம் தேவை என்று ஜனங்கள் நம்பினார்களே, எனக்கு அதுதான் சரித்திரம். மலைக்கோட்டை அருகே நாயக்கர் தர்பார் மண்டபத்தில் இப்போது அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

இனி வெள்ளிக்கு வருகிறேன். சென்ற மாதம் பழைய டிரங்குப் பெட்டியில் எங்கள் பாட்டியின் சீர்வரிசைப் பட்டியல் கிடைத்தது. 1927ஆம் வருடக் கல்யாணம். அதில் ஒரு வரி: "வெள்ளிச் செல்லம் 1, ரூ. 60." என் பேத்தி சிரித்தாள், "அறுபது ரூபாய்தானா தாத்தா?" என்று. அது விலை இல்லை, எடை. 1835இல் கம்பெனியார் கொண்டுவந்த ஒரே மாதிரி வெள்ளி ரூபாய் சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதனால் தராசில் ரூபாயையே எடைக்கல்லாகப் போட்டார்கள்; ரூபாயையே தட்டாரிடம் கொடுத்து உருக்கிப் பாத்திரமும் செய்துகொண்டார்கள். 1940இல் சர்க்கார் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. ஆக, 60 ரூபாய் எடை என்றால் கிட்டத்தட்ட 700 கிராம்.

அந்தச் செல்லம் இப்போது இல்லை. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்சுக்கு 50 டாலரை எட்டிப் பிடித்தது. பல தேசங்களில் பழைய வெள்ளிச் சாமான்கள் உலைக்குப் போயின. எங்கள் வீட்டுச் செல்லமும் அந்த வருடம் பெரிய கடைவீதிக்குப் போனது. அத்தை பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெரியப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

பாட்டி அழுதாளா என்று கேட்பீர்கள். இல்லை. தாத்தா 1939இல் போய்விட்டார். அந்தக் காலத்தில் கணவனை இழந்தவளுக்கு வெற்றிலை கிடையாது. தாம்பூலம் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. தன் கல்யாணத்துக்கு வந்த செல்லத்தை 41 வருடம் அலமாரியில் பூட்டிவைத்துச் சாவியை மட்டும் இடுப்பில் வைத்திருந்தாள். தை மாதத்தில் எடுத்துப் புளி போட்டுத் தேய்ப்பாள், திரும்ப உள்ளே வைப்பாள். அவ்வளவுதான் அதோடு அவளுக்கு இருந்த உறவு. பழைய காலத்துப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செல்லத்தைப் பற்றி எழுதினால் வெற்றிலை போடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. எங்கள் சித்தப்பாவை நினைவிருப்பவர்களுக்கு அறிக்கை வேண்டியதில்லை.

பட்டியலின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். உறவினர்கள் அடுத்த வரியையும் பாருங்கள்: "கரண்டகம் 1, ரூ. 6." சுமார் 70 கிராம். பெரிய கடைவீதிக்குப் போன சாமான்களின் துண்டுச் சீட்டில் இது இல்லை. நம்மில் யார் வீட்டிலோ குங்குமச் சிமிழாகவோ காதுத் தோடு வைக்கிற டப்பியாகவோ இருக்க வேண்டும். வட்டமாக, மூடியில் கொக்கியோடு இருந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள், புள்ளி வெட்டில் பாட்டி, தாத்தா இருவரின் முதல் எழுத்தும் இருக்கும். இருந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். திருப்பிக் கேட்க மாட்டேன், அது உங்களிடமே இருக்கட்டும்.