சஸ்திர சிகிச்சைக்கு முந்திய கீமோதெரபி

புற்றுக்கட்டியை அறுத்து அகற்றுவதற்கு முன்னரே, அக்கட்டியைச் சுருக்கும் பொருட்டும், ரத்தத்தின் வழியே வேறு அவயவங்களுக்குச் சென்று மறைந்திருக்கக்கூடிய புற்றணுக்களை அழிக்கும் பொருட்டும் கொடுக்கப்படும் மருந்துச் சிகிச்சை இப்பெயரால் வழங்கும். மார்பகம், இரைப்பை, உணவுக்குழாய், மூத்திரப்பை, எலும்பு முதலிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்கள் பலவற்றுக்கு இது இன்று சாதாரணமாக அநுசரிக்கப்படும் முறையாகும். கட்டி உடம்பில் இருக்கும்போதே மருந்தைச் செலுத்துவதனால், அம்மருந்து பலிக்கிறதா இல்லையா என்பதை நேரில் கண்டறியும் வாய்ப்பு இம்முறையில் உண்டு. இதன் சிறப்பும், இது நோயாளிக்குத் தரும் மனக்கலக்கமும் அந்த ஒரே காரணத்திலிருந்து பிறப்பனவேயாம்.

வரலாறு

கத்தியால் அணுக முடியாதபடி முற்றிவிட்ட மார்பகப் புற்றுகளுக்கென்றே இம்முறை முதலில் கையாளப்பட்டது. இத்தாலியில் மிலான் நகரத்துத் தேசியப் புற்றுநோய் நிலையத்து வைத்தியர்கள் 1970-களில் இத்தகைய கட்டிகளுக்கு முதலில் மருந்து கொடுத்துப் பார்த்து, அவற்றுள் பல சுருங்குவதைக் கண்டனர். ஏறக்குறைய அதே காலத்தில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் எலும்புப் புற்றுக்குச் சிகிச்சை செய்துவந்த ஜெரால்டு ரோசனும் அவருடைய சகாக்களும் வேறொரு நிர்ப்பந்தத்தால் இவ்வழிக்கு வந்தனர். காலை முழுவதும் வெட்டாமல் நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் பொருத்த வேண்டிய உலோக எலும்பை ஒவ்வொரு நோயாளியின் அளவுக்கும் ஏற்பத் தனித்தனியே செய்வித்து வாங்குவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைக்காலத்தை வீணாக்க மனமின்றி அவர்கள் மருந்தைத் தொடங்கினர். பின்னர் வெட்டியெடுத்த எலும்பைச் சோதித்தபோது, புற்றணுக்கள் பெரும்பாலும் மடிந்திருந்த நோயாளிகளே நன்கு பிழைத்தனர் என்பது விளங்கிற்று.

சஸ்திர சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் ஆயுளுக்குப் பங்கம் நேருமோ என்னும் ஐயத்தைத் தீர்க்க, அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரின் தலைமையில் 1988-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. மார்பகப் புற்றுள்ள 1,523 பெண்களில் ஒரு சாராருக்கு அறுவைக்கு முன்பும், மற்றொரு சாராருக்குப் பின்பும், ஒரே மருந்துகள் ஒரே அளவில் கொடுக்கப்பட்டன. ஆயுளில் வேற்றுமை காணப்படவில்லை; ஆனால் மார்பகத்தை இழக்காமல் கட்டியை மட்டும் அகற்றிக்கொள்ளக் கூடியவர்களின் தொகை நூற்றுக்கு 60-லிருந்து 68 ஆக உயர்ந்தது. இரைப்பைப் புற்றில் பலன் இன்னும் தெளிவு: 503 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2006-இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சியில், அறுவை மட்டும் செய்துகொண்டோரில் நூற்றுக்கு 23 பேரும், அறுவைக்கு முன்னும் பின்னும் மருந்து பெற்றோரில் 36 பேரும் ஐந்தாண்டுகள் கடந்து வாழ்ந்தனர்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு, நோய் முற்றிய பின்னரே வரும் பெண்கள் மிகுதியாதலின், அந்நிலையத்தை நடத்திவந்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோர் காலத்திலேயே அங்கு மருந்தையும் கதிர்வீச்சையும் அறுவைக்கு முன் சேர்த்துக் கொடுக்கும் முறை வேரூன்றிவிட்டது.

ஆயத்தங்கள்

ஊசியால் கட்டியின் சிறு துணுக்கை எடுத்து, புற்றின் இனம் இன்னதென்று நிச்சயித்த பிறகே மருந்து தீர்மானிக்கப்படும். மார்பகப் புற்றில் அத்துணுக்கை எடுக்கும்போதோ, மருந்து தொடங்கிய சில நாட்களுக்குள்ளோ, கட்டியின் நடுவே எள்ளளவான டைட்டானிய உலோகக் குறியொன்றை வைத்துவிடுவது வழக்கம். மருந்தினால் கட்டி அடியோடு மறைந்துவிடுமாயின், அது இருந்த இடத்தைச் சஸ்திர வைத்தியருக்குக் காட்டுவதற்கு அக்குறியைத் தவிர வேறு அடையாளம் இராது. இருதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்தாயின் எக்கோ பரிசோதனை செய்யப்படும். கையிலுள்ள ரத்தக்குழாய்கள் கெடாமலிருக்கக் கழுத்தெலும்பின் கீழ்த் தோலுக்கடியில் போர்ட் என்னும் சிறு கருவி பொருத்தப்படுவதும் உண்டு. குழந்தைப்பேற்றை விரும்பும் இளவயதினர், சினைமுட்டையையோ விந்தையோ உறைநிலையில் சேமித்து வைப்பது பற்றி முதல் ஊசிக்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

மருந்து செலுத்தும் காலம்

மருந்து 14 அல்லது 21 நாட்களுக்கு ஒருமுறை செலுத்தப்படும். சில மருந்துகள் வாரந்தோறும் தரப்படும். மார்பகப் புற்றில் பெரிதும் வழங்கும் முறைப்படி, டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் நான்கு முறை, அதன்பின் பாக்லிடாக்சல் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முறை என்று ஏறத்தாழ ஐந்தாறு மாதங்கள் செல்லும். ஒவ்வொரு முறையும் முதலில் ரத்தம் சோதிக்கப்பெற்று, அணுக்களின் எண்ணிக்கை போதுமானதாயிருந்தால், வாந்தியைத் தடுக்கும் மருந்துகள் முன்னே சென்று, பிரதான மருந்து பின்னே செல்லும். டாக்சோரூபிசின் செந்நிறமானது, அதை ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போவதைக் கண்டு ரத்தமென்று அஞ்சுவோர் பலர். அது மருந்தின் நிறமேயன்றி வேறில்லை.

இரண்டாவது வாரத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அந்நாட்களில் உடற்சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், ஜுர மாத்திரையை விழுங்கிவிட்டு விடியட்டும் என்று படுத்திருத்தல் கூடாது. நள்ளிரவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இந்தக் காலம் முழுவதற்கும் மறவாமல் கடைப்பிடிக்கத்தக்க விதி ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதையே சொல்லவேண்டும். டாக்சோரூபிசின் போன்ற மருந்துகளால் தலைமுடி இரண்டு மூன்று வாரங்களில் உதிரத் தொடங்கும். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் முளைக்கும். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் கொப்பளிப்பதும், காரத்தையும் புளியையும் விலக்குவதும் இதமளிக்கும். விரல் நுனிகள் மரத்துப்போனால், சட்டைப் பொத்தானைப் போடமுடியாத நிலைக்கு முற்றும்வரை பொறுத்திராமல் டாக்டரிடம் தெரிவித்தல் நலம். மருந்தின் அளவைக் குறைக்க வழியுண்டு. நன்கு வெந்த உணவும், முட்டை, பருப்பு, பால் முதலிய புரதப் பொருள்களும் சிறுகச் சிறுகப் பலமுறை கொள்ளத்தக்கவை. உறவினர் பரிந்து கொண்டுவரும் லேகியமும் கஷாயமும் கீமோ மருந்தோடு மாறுபடக்கூடுமாதலால், டாக்டரைக் கேளாமல் அவற்றை உட்கொள்ளலாகாது.

காத்திருத்தலின் பாரம்

“முதலில் கட்டியை எடுத்துவிடுங்கள், டாக்டர், மருந்தெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்பது இச்சிகிச்சையை எடுத்துச் சொல்லும்போது நோயாளியின் வீட்டார் வாயிலிருந்து பெரும்பாலும் வரும் முதற்சொல். நோய் உள்ளேயே இருக்க, நாட்கள் கழிந்துகொண்டிருப்பது அவர்களுக்குச் சகிக்க முடியாததாகத் தோன்றுகிறது. குளிக்கும்போதெல்லாம் கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும், நேற்றைவிட இன்று பெரிதாகிவிட்டதோ என்று மயங்குவதும் இயல்பே. கை காட்டும் அளவு நாளுக்கு நாள் மாறுவது. ஆதலின் டாக்டரின் பரிசோதனையையும் ஸ்கேனையுமே பிரமாணமாகக் கொள்ளவேண்டும். மருந்துக்கு அடங்காமல் கட்டி வளர்வது மார்பகப் புற்றில் அபூர்வம். அவ்வாறு வளருமாயினும், மருந்தை மாற்றவோ அறுவையை முன்னுக்குக் கொண்டுவரவோ இயலும். அடுத்த பரிசோதனை எப்போது, எது கண்டால் திட்டம் மாறும் என்னும் இரண்டு கேள்விகளையும் தொடக்கத்திலேயே கேட்டுக் குறித்துக்கொண்டவர்களுக்கு, எல்லையற்றதாகத் தோன்றிய காலம் தவணை தவணையாகப் பிரிந்து, ஓரளவு தாங்கத்தக்கதாகிறது. தூக்கமின்மையும் துக்கமும் நீங்காதிருந்தால் மனநல வைத்தியரின் உதவியை நாடுவதில் கூச்சம் வேண்டியதில்லை.

அறுவைக்கு முந்திய இடைவேளை

கடைசி மருந்துக்கும் அறுவைக்கும் இடையே பொதுவாக மூன்று முதல் ஆறு வாரங்கள் விடப்படும். ரத்த அணுக்கள் தேறுவதற்கென்று விடப்படும் இக்காலம், உடலை ஆயத்தம் செய்வதற்கும் உரியது. தினசரி நடை, புகைப்பழக்கத்தை அறவே விடுதல், இரைப்பை உணவுக்குழாய் நோயாளிகளாயின் மூன்று பந்துகளை மூச்சால் உறிஞ்சி மேலெழுப்பும் கருவியைக் கொண்டு சுவாசப் பயிற்சி ஆகியவை அறுவைக்குப் பின் நிமோனியா போன்ற இடர்களைக் குறைக்க உதவுவன.

பலனும் அதன் பொருளும்

அறுத்தெடுத்த பகுதியை நுண்ணோக்கியில் ஆராயும்போது புற்றணு ஒன்றேனும் காணப்படாதிருப்பது பூரணப் பலன் எனப்படும். மார்பகப் புற்றில், ஹெர்-2 என்னும் ஏற்பிப் புரதம் மிகுந்த இனத்திலும், அதுவும் ஹார்மோன் ஏற்பிகள் இரண்டுமாகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத இனத்திலும் இப்பலன் அடிக்கடி கிட்டும். ஹார்மோன் ஏற்பியுள்ள இனத்தில் அரிதாகவே கிட்டினும், அவ்வினத்தாரில் பலர் பின்னர் உட்கொள்ளும் ஹார்மோன் மாத்திரைகளால் நெடுநாள் நலமாக வாழ்கின்றனர். எனவே மிச்சமிருக்கும் நோயைக் கண்டு, பட்ட பாடெல்லாம் வீண் என்று எண்ணுதல் பிழை. மூன்று ஏற்பிகளும் இல்லாத இனத்தில் மிச்சம் கண்டவர்களுக்குக் கேப்சிடபின் மாத்திரை பயன்படும் என்று 2017-இல் வெளிவந்த ஜப்பானிய, கொரிய ஆராய்ச்சியும், ஹெர்-2 இனத்தில் மிச்சம் கண்டவர்களுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று 2019-இல் வெளிவந்த ஆராய்ச்சியும் நிலைநாட்டியுள்ளன. கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டிருந்தால், இம்மருந்துகள் எவருக்குத் தேவை என்பதை அறிய வழியே இருந்திராது.