நம் வாசலில் ஓடும் மித்தி ஆறு

நம்மில் பலர் நெல்லைச் சீமையிலிருந்து வந்தோர். தாராவியில் மூன்று தலைமுறை வாழ்ந்தும், ஆறு என்றவுடன் நம் நெஞ்சில் நிறைவது பாபநாசத்தில் இறங்கிவரும் பொருநையேயன்றி, நம் குடியிருப்புக்கு அருகே கறுத்தோடும் மித்தி அன்று. அதனை ‘நாலா’ என்றே வழங்கி வருகின்றோம். அதுவும் ஓர் ஆறே என்பதை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மித்தி என்னும் பெயர் இனிமையைக் குறிப்பது என்பர். விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரோடு புறப்பட்டுச் சாக்கிநாக்கா, குர்லா வழியாக ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியை அடுத்து மாகிமில் கடலோடு கலக்கின்றது. காவிரியை எண்ணுவார்க்கு இது நகைப்பாகலாம். ஆற்றின் பெருமை நீளத்திலா உள்ளது?

இதன் கழிமுகமே ஒருகாலத்தில் நாட்டெல்லையாய் இருந்தது. தெற்கே ஆங்கிலேயரின் பம்பாய். வடக்கே போர்ச்சுகீசியரின் சால்செட். மராட்டியர் சால்செட்டைக் கைக்கொண்ட 1737ஆம் ஆண்டில், ஆளுநர் ஜான் ஹார்ன் இதன் கரையில் ஒரு கோட்டை எழுப்பினார். அதுவே காலா கில்லா. அதனைப் பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டும் அறிந்தோரே நம்மில் மிகுதி!

பின்னர் நகரின் நீர்வேட்கை தணிக்க 1860இல் விகார் அணை முடிக்கப்பட்டது. இனிய நீர் தலைப்பிலேயே குழாய்க்குள் புகுந்தது. கீழ்க்கரையார்க்கு எஞ்சியது மழைக்காலத்து வழிநீரே. பிற மாதங்களில் நகரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் அதில் ஓடலாயின. நம் முன்னோர் நடத்திய தோல் பதனிடும் தொட்டிகளுக்கும் அதில் பங்குண்டு, மறைப்பானேன்? கோலி மீனவரின் வலை மெல்ல மெல்ல வெறுமையாயிற்று.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஆறு தன் பழைய இடத்தைத் தேடி வீடுகளுள் புகுந்தது. குடிசைகளே குற்றவாளிகள் என்றனர் பலர். விமான நிலைய ஓடுபாதைக்காக ஆற்றை வளைத்ததும், சதுப்பு நிலத்தைத் தூர்த்துப் பாந்திரா–குர்லா வணிக வளாகம் எழுப்பியதும் குடிசைவாசிகள் அல்லர் என்பதை நாம் உரக்கச் சொல்லவேண்டும்.

இலண்டனில் 1858இல் தேம்சு ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்துள் புகுந்த பின்னரே பெருங்கழிவுநீர்க் குழாய்கள் அமைக்கச் சட்டம் பிறந்தது. மித்தியின் நாற்றமோ ஏழையரின் சாளரங்களையே முதலில் எட்டுகின்றது.

ஆயினும் இக்கரையிலேயே குப்பைமேடு ஒன்று மண்ணிட்டு மரம் வளர்க்கப்பெற்று, 1994இல் மகாராட்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதன் ஓரத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன, கொக்குகள் வந்தமர்கின்றன. தாராவிப் பேருந்துப் பணிமனையிலிருந்து அது கூப்பிடு தொலைவே.